பானெட் சூடாக இருந்த காரும் பில் கட்டோடு வந்த காரும்

பழைய கார் ஒன்றைப் பார்க்கக் காலை ஆறரை மணிக்கே போய் நின்றேன். "ரெண்டு நாளா எடுக்கவே இல்ல சார், நீங்க வருவீங்கன்னு அப்படியே வெச்சிருக்கேன்" என்றார் புரோக்கர். பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானெட் மேல் கையை வைத்தேன். இறக்கி வைத்து அரை மணி நேரம் ஆன இட்லிப் பானை மாதிரி இதமான சூடு. கையை எடுத்துவிட்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டேன். அந்தக் காரை வாங்கப்போவதில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு மணி நேரம் பார்த்தேன். வாங்காத வண்டியில்தான் நிதானமாகப் படிக்க முடிகிறது.

தேடியது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2004-ல் அது இந்தியாவுக்கு வந்தபோது எனக்குக் கல்லூரி வயது. அன்று நம் ஊரில் டர்போ (வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) என்றாலே டீசல் என்றுதான் அர்த்தம். பெட்ரோலில் டர்போ, 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் 20 வால்வு, 150 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். ஐரோப்பாவில் இதே பெயரில் விற்றதற்கு 180 என்று பிற்பாடு தெரிந்தபோது கொஞ்சம் வயிறு எரிந்தது. பரவாயில்லை. கோயம்புத்தூரில் செட்டிபாளையம் ரேஸ் டிராக் பக்கம் சுற்றித் திரிந்த பையன்களுக்கு 150 என்பதே பெரிய எண்தான். இன்றைக்கு ஸ்லாவியா 1.5 அதே 150-ஐ அலட்டிக்கொள்ளாமல் தருகிறது. தெரிந்தேதான் இருபது வயதுக் காருக்குப் போனேன். இதில் புத்திசாலித்தனம் எதுவும் இல்லை என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, நீங்களும் சொல்ல வேண்டாம்.

பானெட் ஏன் சூடாக இருக்கக் கூடாது? என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் சொன்னதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது: "காலைல எந்திரிச்சதும் எப்படி இருமுதுன்னு கேட்டாத்தானுங்க தம்பி வயசு தெரியும்." இரவு முழுக்க நின்ற என்ஜினில் ஆயில் எல்லாம் கீழே சம்புக்கு, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கியிருக்கும். முதல் ஸ்டார்ட்டில் ஆயில் பிரஷர் விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுகளின் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் கடகடவென்று சத்தம் போடுகிறதா, வால்வு சீல் வழியாகக் கசிந்த ஆயில் ஒரு கொத்து நீலப் புகையாக வெளியே வருகிறதா, எல்லாம் அந்தச் சில விநாடிகளில்தான் தெரியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் அத்தனையும் மறைந்துவிடும். தெரியாமல் செய்கிற காரியம் இல்லை அது.

அந்தக் காரில் இன்னொரு அலங்காரமும் இருந்தது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் 'புஸ்ஸ்' என்று சீறும் வால்வு. இந்தச் சத்தத்துக்கே முப்பதாயிரம் அதிகம் கேட்கிறார்கள். கம்பெனி கொடுத்த டைவர்ட்டர் வால்வு மிச்சக் காற்றைச் சத்தமில்லாமல் டர்போவின் வாய்க்கே திருப்பி அனுப்பும். இந்த என்ஜின் உள்ளே வரும் காற்றைச் சென்சாரில் அளந்து, அதற்கேற்ப பெட்ரோல் ஊற்றுகிற ரகம். அளந்த காற்றை வெளியே ஊதிவிட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் விழும். கியர் மாற்றும்போது கரும்புகை, பிளக்கில் கரி. சீறும் சத்தத்துக்கு வாங்குபவன்தான் பெட்ரோல் பங்கில் காசு கொடுக்கிறான். இதை மாட்டியவர் வேறு எதையெல்லாம் கை வைத்திருப்பார் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும்.

காகிதமும் சரியில்லை. டிஎல் நம்பர், அதாவது டெல்லிப் பதிவு. டெல்லியில் 15 வருஷம் தாண்டிய இந்த மாதிரிப் பழைய பெட்ரோல் வண்டியை ஓட்டக் கூடாது என்பதால் அங்கிருந்து இப்படிப் பல கார்கள் மலிவாகத் தெற்கே வருகின்றன. அதில் தப்பு ஒன்றும் இல்லை, என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) இருந்தால். "வாங்கித் தர்றேன் சார்" என்றார். என்ஓசி கையில் இல்லாத டெல்லிக் கார் என்பது வெறும் இரும்பு. வந்த பிறகும் இங்கே மறுபதிவு, ஆயுள் வரி என்று தனிக் கணக்கு இருக்கிறது. டீக்கு நானே காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது கார் ஈரோட்டில். ஜவுளித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் ஓனர். போனிலேயே, "ராத்திரியே தொட மாட்டேன், நீங்க வந்து நீங்களே சாவி போடுங்க" என்றார். நான் எதுவும் கேட்காமலே சொன்னார். 2005 பதிவு, தமிழ்நாட்டு நம்பர். ஆர்சியை 2020-ல் ஒரு தடவையும், 2025 ஆரம்பத்தில் இரண்டாவது தடவையும் புதுப்பித்திருந்தார். அந்த ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன்பே கட்டிவிட்டதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை, ரசீதை இரண்டு தடவை காட்டினார்.

பார்வைக்கு முதல் கார்தான் அழகு. இதில் பானெட் பெயிண்ட் மங்கி, இடது பின் கதவில் கோடு, கூரைத் துணி தொங்கி உட்கார்ந்தால் தலையில் உரசுகிறது. ஆனால் டேஷ்போர்டு மேல் ஒரு தடித்த ஃபைல். இருபது வருஷ பில், தேதி வாரியாக. எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்தக் கிலோமீட்டரில். கிட்டத்தட்ட ஏழாயிரத்துக்கு ஒரு தடவை, எப்போதும் சிந்தெடிக். இந்த என்ஜினைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். மட்டமான ஆயிலை நாள் கடத்தி ஓட்டினால் 1.8 டர்போவில் ஆயில் கசண்டாகி, சம்புக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். ஆயில் குறைந்தால் முதலில் சாவது டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, தாங்கி நிற்பதே ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்.

அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். கேம் மேல் லேசான பழுப்பு, டிகாக்‌ஷன் கறை மாதிரி. கறுப்புத் தார் இல்லை. சாவி போட்டேன். இரண்டு விநாடி லேசாகத் தட்டிவிட்டு அடங்கியது. புகை இல்லை. ஐந்து நிமிடம் அப்படியே ஓடவிட்டு, பிறகு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். டர்போ சீல் போயிருந்தால் ஐட்லிங்கில் சேர்ந்த ஆயில் இந்த நேரத்தில்தான் நீலமாகத் தள்ளும். தள்ளவில்லை.

டர்போவைத் தொட்டுப் பார்ப்பதுதான் பாடு. இந்தக் காரில் அது என்ஜினுக்குப் பின்னால், என்ஜினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி ஒளிந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, கையை வளைத்து உள்ளே விட்டு, டர்போவின் சக்கரத்தை ஆட்டினார். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், ஆயில் மேல் மிதக்கும் தண்டு அப்படித்தான். உள்ளே வெளியே என்று நகர்ந்தால்தான் வினை. நகரவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் ஆயில் ஈரம் இருந்தது. ஈரம் சகஜம், கவிழ்த்தால் ஒழுகினால்தான் கவலை.

அப்புறம் லேப்டாப்பை என்ஜின் கம்ப்யூட்டரோடு இணைத்தார். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. "முந்தாநாள் அழிச்சிருந்தாலும் இப்படித்தானுங்க காட்டும்" என்று சொல்லிவிட்டு அளவீட்டுப் பட்டியலில் 032-ஆம் குரூப்பைத் திறந்தார். என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்து ஓட்டப் பழகியிருக்கிறது என்று அதில் தெரியும். ஐட்லிங்கில் கூட்டல் பக்கம் நன்றாகவே போயிருந்தது. அப்படியென்றால் சென்சாருக்குத் தெரியாமல் எங்கோ காற்று நுழைகிறது. தேடியதில், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் பிரீதர் ரப்பர் குழாய், தொட்டால் பிஸ்கட்டாக உடைந்தது. இருபது வருஷ ரப்பர். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை நினைத்து உருவாக்கிய கார் வேறு இல்லை இது. எரிபொருள் குழாய்களையும் மாற்றியே ஆக வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்க்கும்போது 115-ஆம் குரூப்பை வைத்துக்கொண்டு அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஒரு கட்டத்தில், உண்மையில் வரும் பூஸ்ட் இன்னொரு கட்டத்தில். பெருந்துறைச் சாலையில் நான்காவது கியர், 1,800 சுற்றிலிருந்து முழு மிதி. கொஞ்சம் யோசித்துவிட்டு, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலப் போனது. 210 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றிலேயே வந்துவிடும் என்பது கம்பெனிக் கணக்கு. கூச்சலே இல்லை. நான் வாயைப் பிளந்திருக்க வேண்டும், அண்ணன் திரையை விட்டுத் தலையைத் தூக்காமலே, "கேக்கறதவிட கம்மியா வருதுங்க" என்றார். டைவர்ட்டர் வால்வைக் கழற்றி, பிஸ்டனை அழுத்தி, மேல் துவாரத்தை விரலால் மூடிவிட்டார். அப்படியே நிற்க வேண்டியது மெதுவாக எழுந்து வந்தது. உள்ளே டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. சின்ன பாகம்தான். ஆனால் அவர் பக்கத்தில் இல்லாமல், என் முதுகு சொன்னதை மட்டும் நம்பியிருந்தால், இது தெரிந்தே இருக்காது.

நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தத்தைப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயில்களில் இரண்டு புதிது, இரண்டு பழசு. சிலிண்டருக்கு ஒரு காயில் வீதம் உள்ள இந்த அமைப்பில் ஒன்று போனால் வண்டி ஆட்டோ மாதிரி உதறும். டிக்கியில் ஒன்று ஸ்பேர் போட்டு வைப்பது இந்தக் கார்க்காரர்களின் வழக்கம். அந்த டிக்கி 528 லிட்டர், ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய் வரலாம்.

பில் கட்டில் ஒரே ஓட்டை, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட். கடைசியாக மாற்றியது 2017. கிலோமீட்டர் அதிகம் ஓடவில்லைதான், ஆனால் பெல்ட்டுக்கு வயசும் கணக்கு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அதோடு கதை முடிந்தது. அதே பெல்ட் சுழற்றும் வாட்டர் பம்ப்பில் அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் விசிறி) வந்தது. நான் பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருப்பவன். சுடுதண்ணீரில் பிளாஸ்டிக் இம்பெல்லரை யார் யோசித்தார்களோ, அவரை ஒரு நாள் எங்கள் ஷிஃப்ட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

விலை பேசும்போது குறைகளை வாயால் அடுக்கவில்லை. அண்ணன் எழுதிய தாளை அப்படியே பெரியவர் கையில் கொடுத்தேன். கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "பெல்ட்டு என் தப்புதானுங்க" என்றார். 4.25 லட்சம் கேட்டவர் 3.6-க்கு இறங்கினார். டோக்கன் கொடுத்து, உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கி, மறு வாரம் எடுத்து வந்தேன்.

முதல் மாதத்தில் 78,000 ரூபாய் போனது. பெல்ட் செட், இரும்பு இம்பெல்லர் பம்ப், டைவர்ட்டர் வால்வு, ரப்பர் குழாய்கள் மொத்தமும், இரண்டு காயில், சிலிண்டர் ஹெட் பின்னால் கசிந்த கூலன்ட் பிளாஸ்டிக் ஃபிளாஞ்ச், முன் பக்க லோயர் ஆர்ம் புஷ். இதே என்ஜின் குடும்பம் அன்றைய ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களிலும் இருந்ததால் என்ஜின் பாகங்கள் கிடைத்துவிடுகின்றன. உள்பக்கப் பிளாஸ்டிக், லைட் போன்றவற்றுக்குத்தான் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் அலைய வேண்டியிருக்கிறது.

அண்ணன் வாங்கிய கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு, ஈரோட்டில் ஒரு பிரியாணி தனி. இந்த மொத்தச் செலவில் அந்தப் பிரியாணிக்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன். காருக்கு ஐந்தில் மூன்றரை. ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான். ஸ்டீயரிங் நன்றாக எடை காட்டுகிறது, பின் சீட்டில் கால் இடம் குறைவு, குழியில் இறங்கினால் சத்தம் அதிகம். ஒரே கார்தான் வைத்திருப்பேன், அதிலேயே தினமும் ஆபீஸ் போவேன் என்பவர்களுக்கு வேண்டாம். இது மெக்கானிக் கடையில் நிற்கும் நாளிலும் வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால், கையில் விலைக்கு மேல் ஒரு லட்சம் தனியாக இருந்தால், யோசிக்கலாம்.

டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. அதை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் பிளாஸ்டிக் கிளிப் உடைவது இந்தக் காரின் பிறவிக் குணம். கிளிப் சொல்லி வைத்திருக்கிறேன். டோல்கேட்டில் ஃபாஸ்டாக் இருப்பதால் இப்போதைக்கு ஓடுகிறது.