பெங்களூரின் நீர்வழிகளைத் தமிழில் வரைய ஒரு மென்பொருள்: கியூஜிஐஎஸ்

பெங்களூரில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தமிழில், ஒரே தாளில் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற நிலப்பட மென்பொருளை முதன்முறையாக ஒரு வேலையின் தொடக்கம் முதல் அச்சு வரை பயன்படுத்தினேன். இந்நகரம் ஒரு மேட்டு முதுகின் மேல் அமர்ந்திருக்கிறது. அதன் ஒரு பக்கத்து நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியைச் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. ஹெப்பாள் பள்ளத்தாக்கிலும் கோரமங்களா-செல்லகட்டா பள்ளத்தாக்கிலும் இறங்கும் நீர் தட்சிண பினாகினியை அடைந்து, ஓசூரைத் தாண்டித் தென்பெண்ணையாகி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கிறது. எந்தச் சரிவில் விழுந்தாலும் இந்த நகரத்தின் நீர் தமிழ்நாட்டுக்குத்தான் வருகிறது என்பதை அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் வாழும் நம்மவர்கள் ஒரு படத்தில் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். அந்தப் படம் முடிந்துவிட்டது. அதற்குக் கருவியாக இருந்த மென்பொருளைப் பற்றி, தமிழில் நிலப்படம் வரைய விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறிமுகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2002ஆம் ஆண்டு கேரி ஷெர்மன் தொடங்கிய இந்தத் திட்டம், குவாண்டம் ஜிஐஎஸ் என்ற பெயரில் வளர்ந்து, 2013இல் வந்த 2.0 பதிப்பு முதல் கியூஜிஐஎஸ் என்றே அழைக்கப்படுகிறது. ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. புதிய பதிப்புகள் அடிக்கடி வந்தாலும், நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று தனியாக ஒன்று உண்டு. பணிக்கு அதையே நிறுவிக்கொள்வது நல்லது.

இம்மென்பொருளிடம் நான் முதலில் மதிக்கக் கற்றது ஆயத்தொலைவு முறைகளை அது கையாளும் விதத்தை. உலகை நெடுங்கோட்டு வலயங்களாகப் பிரிக்கும் யூடிஎம் பகுப்பில் 78 பாகை கிழக்கு நெடுங்கோடு 43ஆம், 44ஆம் வலயங்களின் எல்லையாகிறது. அந்தக் கோடு தமிழ்நாட்டை இரண்டாகப் பிளந்து செல்கிறது: கோயம்புத்தூரும் ஈரோடும் ஓசூரும் 43இல், கிருஷ்ணகிரியும் மதுரையும் சென்னையும் 44இல். பெங்களூர் 43இல் இருக்கிறது. ஆகவே தென்பெண்ணை ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் வலயம் மாறிவிடுகிறது. வெவ்வேறு வலயங்களில் இருந்த தரவு அடுக்குகளை ஒரே திரையில் இட்டபோது மென்பொருள் அவற்றைத் தானே மாற்றிப் பொருத்திக் காட்டியது, 78.5 பாகையை மைய நெடுங்கோடாகக் கொண்ட ஒரு தனி வீழல் முறையை (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளுக்கு மாற்றும் முறையை) நானே வரையறுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. ஆனால் இந்தத் தாராளத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாம் பொருந்திக் காட்சியளிப்பதால், அடியில் உள்ள தரவு பாகைக் கணக்கில் இருப்பதை மறந்துவிடுகிறோம். ஏரிகளின் பரப்பைக் கணக்கிட, வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் சார்பைப் பயன்படுத்தினால் விடை சதுரப் பாகையில் வரும். டாலர் குறியோடு தொடங்கும் பரப்புச் சார்பைப் ($area) பயன்படுத்தினால்தான் திட்டத்தில் குறித்த நீள்கோளத்தின்படி, அதாவது பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியின்படி, மெய்யான பரப்பு கிடைக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மென்பொருள் வாய்திறந்து எச்சரிப்பதில்லை. தொடக்கநிலையினர் தவறும் இடம் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பழைய தாள்களைப் பொருத்தும் கருவியும் சிறப்பானது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தாள்கள் ஒவ்வொன்றும் 15 கலைக்கு 15 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று) பரப்பைக் காட்டுகின்றன. 13 பாகை வட அட்சக்கோடு பெங்களூரின் ஊடாகவே போவதால், நகரம் 57 ஜி/12, 57 எச்/9 என்ற இரு தாள்களில் பிரிந்து கிடக்கிறது. பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. அந்த வேறுபாட்டைக் குறிப்பிடாமல் வருடிய (ஸ்கேன் செய்த) படத்தைப் பொருத்தினால் தெருக்களெல்லாம் ஒரே திசையில் விலகி நிற்கும். சரியான அளவைத் தளத்தைத் (datum) தேர்ந்தெடுத்த உடனே அவை இடத்தில் வந்து அமரும். எல்லையில் மூலைக்கு மூலை தாள்கள் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணத்திற்காகவே இக்கருவியைக் கற்கலாம்.

நீரோட்டத்தைக் கணக்கிட, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை எடுத்துக்கொண்டேன். கியூஜிஐஎஸ் உள்ளிருந்தே கிராஸ் (GRASS) என்ற இன்னொரு நிலப்பட மென்பொருள் தொகுப்பின் வடிநிலக் கருவியை இயக்க முடிகிறது. மலையிலும் கிராமப்புறத்திலும் அது வரைந்த ஓடைகள் ஏறத்தாழ உண்மையோடு ஒத்துப்போயின. நகருக்குள் அப்படியல்ல. உயரத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 30 மீட்டர்; ராஜகால்வாய்கள் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் பலவற்றின் அகலம் அதற்கும் குறைவு; போதாக்குறைக்கு, ரேடார் பல இடங்களில் தரையை அன்றிக் கட்டடக் கூரைகளையே அளந்திருக்கிறது. கால்வாய்க் கோடுகளை நானே வரைந்து, அந்தக் கட்டங்களின் உயரத்தைச் சில மீட்டர் குறைத்து, மீண்டும் கணக்கிட்ட பிறகே நீர் பெல்லந்தூர் ஏரியைத் தேடிப் போயிற்று. குறை தரவினுடையது, அதைத் திருத்துவதற்கு வேண்டிய எல்லாக் கருவிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பது மென்பொருளின் பெருமை.

இனி எனக்கு மிக முக்கியமான தமிழ் எழுத்துக்கு வருகிறேன். தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நிலப்படத் தரவில் பல ஊர்களுக்குத் தமிழ்ப் பெயர் தனிப் புலத்தில் (தரவு அட்டவணையின் தனிப் பத்தியில்) பதிவாகியிருக்கிறது. தமிழ்ப் பெயர் இருந்தால் அதையும் இல்லாவிட்டால் பொதுப் பெயரையும் காட்டு என்று ஒரே வரிக் கோவையில் (expression) மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். எந்த ஊர்களுக்குத் தமிழ்ப் பெயர் இன்னும் பதியப்படவில்லை என்பதும் அப்போது படத்திலேயே தெரிந்துவிடும். கோப்பு வடிவத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘பெங்களூரு’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் ஒன்பது குறியீடு, யூடிஎஃப்-8இல் 27 பைட். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் புலத்தின் பெயருக்குப் பத்து பைட்டும் உள்ளடக்கத்துக்கு 254 பைட்டுமே உண்டு என்பதால், தமிழில் புலப்பெயர் வைத்தால் மூன்று குறியீட்டோடு நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவத்தில் இந்தத் தளைகள் இல்லை. கியூஜிஐஎஸ் புதிய அடுக்கைச் சேமிக்கும்போது அதையே முதலில் முன்வைப்பது தமிழர்களுக்குப் பெரிய உதவி. நம்மிடையே இன்னும் ஷேப்ஃபைலையே பரிமாறிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

லேபிள்களின் தோற்றம் பெரும்பாலும் நிறைவு தருகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஊர்ப்பெயர்களும் நோட்டோ செரிஃப் தமிழில் நீர்நிலைகளும் என்று பிரித்து, வெளிர் விளிம்பு கொடுத்தபோது படம் தெளிவாக நின்றது. ஆற்றின் வளைவோடு பெயர் எழுதுவதுதான் கடினமான தேர்வு: நான் கற்கத் தொடங்கிய பழைய பதிப்பில் ‘தென்பெண்ணை’யின் கொம்புகள் மெய்யை விட்டு விலகித் தனியே நின்றன. இப்போதைய பதிப்பில் உயிர்மெய் ஒரே தொகுதியாக வளைவில் அமர்கிறது. இன்னும் நிறைவடையாதது வரி உடைத்தல். இடைவெளி உள்ள இடத்தில்தான் பெயரை அது உடைக்கும். நம் ஊர்ப்பெயர்களோ கிருஷ்ணராஜபுரம் என்பதுபோல் இடைவெளியின்றி நீள்பவை. எங்கே உடைக்க வேண்டுமோ அங்கே தனிக்குறி ஒன்றைப் பெயரிலேயே இட்டு, அந்தக் குறியில் உடைக்கச் சொல்லி இதைக் கடந்தேன். லேபிளைக் கையால் நகர்த்தி வைத்தால் அந்த இடம் திட்டக் கோப்பிலேயே சேமிக்கப்படுகிறது. முந்நூறு பெயர்களை அப்படிச் சரிசெய்ய நான்கு மாலைகள் பிடித்தன.

வடிவமைப்பாளர்களுக்கு ஒரு சொல். நிற மாற்றமும் நிழலும் அடுக்குகளைப் பெருக்கிக் கலக்கும் முறையும் இதில் தாராளமாக உண்டு. மலை நிழலின் மேல் நீல நீர்வழிகள் நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்தன. எனினும் எழுத்திடைவெளியையும் அலங்காரத்தையும் நுணுக்கமாகச் செதுக்க விரும்புகிறவர்கள் எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக எடுத்து இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் முடிப்பதே எளிது. ஆண்டுச் சந்தாவில் விண்டோஸில் மட்டும் இயங்கும் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற வணிக மென்பொருளில் பல வசதிகள் சீராகக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் வீட்டில் அமர்ந்து வரையும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் அந்தச் சந்தாவைக் கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாட்டின் எல்லை தெரியும் படத்தை வெளியிடுகிறவர்கள், உலகத் தரவுத்தொகுப்புகளின் எல்லைக் கோட்டை அப்படியே எடுத்துவிடக் கூடாது. நில அளவைத் துறையின் எல்லையோடு ஒப்பிட்டுக்கொள்வது கட்டாயம். நேச்சுரல் எர்த் என்ற இலவச உலகத் தரவுத்தொகுப்பில் இந்தியப் பார்வையிலான எல்லைக் கோப்பும் தனியாக உண்டு.

கடைசி வேலை அச்சு. ஏற்றுமதிப் பலகத்தில் எழுத்தைப் பாதைகளாக (வெறும் கோட்டு வடிவங்களாக) மாற்றுவது, எழுத்தாகவே விடுவது என்று தேர்வுகள் உள்ளன. அச்சகத்துக் கணினியில் நம் எழுத்துரு இருக்கும் என்று நம்பாமல் முதல் தேர்வையே எடுக்க வேண்டும். அப்படி எடுத்த பிடிஎஃப்பில் ஊர்ப்பெயரைத் தேட முடியாது என்பதால், திரையில் படிப்பவர்களுக்காக எழுத்தாகவே விட்ட இன்னொரு பிரதியையும் எடுத்து வைத்திருக்கிறேன்.