ஊருக்குப் போக ஓ.சி.ஐ.யா, ஐந்து வருட இ-விசாவா?

அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதும் மதுரைப் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அமெரிக்கா இரண்டாவது குடியுரிமையைத் தடுப்பதில்லை. இந்தியா தடுக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அப்புறம் பிறந்த ஊருக்குப் போவதற்கும் ஏதாவது ஒரு அனுமதி வேண்டும். நாங்கள் ஓ.சி.ஐ. எடுத்தோம், அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் கார்டு. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

இ-விசா சுலபம், அதில் சந்தேகமே இல்லை. வீட்டில் உட்கார்ந்தபடி போட்டோவையும் பாஸ்போர்ட் பக்கத்தையும் ஏற்றினால் பெரும்பாலும் சில நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும். ஐந்து வருடச் சுற்றுலா இ-விசாவுக்கு 80 டாலர். 30 நாள் விசா ஏப்ரல் முதல் ஜூன் வரை 10 டாலர், மற்ற மாதங்களில் 25 டாலர். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிறவர்களுக்கு அந்த மலிவான மாதங்களே வாய்க்கின்றன. மதுரை விமான நிலையத்திலும் இ-விசா செல்லும் என்பதால் சென்னை வரை சுற்ற வேண்டியதில்லை. இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருக்கும் தனியார் தளங்கள் கூடுதலாகப் பணம் பிடுங்குகின்றன. ஓ.சி.ஐ.க்கு 275 டாலர். நாலு பேர் உள்ள வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஓ.சி.ஐ. பக்கம் நிற்பதற்குக் காரணம் தங்கும் நாட்கள். ஊரில் வயதான அப்பா அம்மா இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் பார்க்க வேண்டும். திடீரென்று கிளம்புவதற்கு ஐந்து வருட இ-விசா கையில் இருந்தாலே போதும். 30 நாள் விசாவை நம்பினால் கஷ்டம். அதற்குக் குறைந்தது நாலு நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும்; நம் ஊரில் ஒரு சாவு என்றால் நாலு நாள் யாரும் காத்திருக்க மாட்டார்கள். தூதரகத்தில் அவசர விசா வாங்க வழி இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அலைய யாருக்கும் தெம்பு இருக்காது.

சரி, வந்து இறங்கியாயிற்று. எப்போது திரும்புவது? அப்பா கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் நடைப்பயிற்சி, அதன்பின் அம்மாவுக்கு ஒத்தாசையாக ஒரு ஆளைத் தேடுவது என்று மாதங்கள் ஓடும். இ-விசாவில் 180 நாளுக்கு மேல் இருக்க முடியாது. நாட்டுக்குள் இருந்துகொண்டே அதை நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. ஓ.சி.ஐ.யில் எவ்வளவு நாள் இருந்தாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டாம், தேதியும் எண்ண வேண்டாம். எங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரம் வந்தது. மருத்துவர் எப்போது விடுவார் என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு இருக்க முடிந்தது. அந்த நிம்மதிக்கு 275 டாலர் அதிகமே இல்லை. ஒன்று மட்டும் கவனம், ஒரு நிதியாண்டில் 182 நாள் ஆகிவிட்டால் வருமான வரிச் சட்டம் நம்மை இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் எடுக்கும். அதற்குக் கார்டு உதவாது.

ஓ.சி.ஐ. வாங்குவதில் நம் ஆட்களைப் படுத்துவது இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, இந்திய பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயர், அமெரிக்க பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயர். பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பின் அது கணவர் பெயராகவும் மாறியிருக்கும். பெயர் மாறியதற்கான காகிதங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு உட்காருங்கள். ரத்தான இந்திய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இந்திய வம்சாவளி என்று காட்ட அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. நான் விண்ணப்பித்தது அமெரிக்காவிலிருந்து. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகம் கேட்கும் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.சி.ஐ. வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது. வீடு வாங்கலாம், நஞ்சை, புஞ்சை விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வரும் வயலை வாரிசாகப் பெறலாம்.

20 வயதுக்கு மேல் கார்டு எடுத்தவர்கள் அதைத் திரும்ப அச்சடிக்க வேண்டியதில்லை. 50 வயதுக்குப் பின் புது பாஸ்போர்ட் எடுத்தால் ஒரு தடவை அதன் நகலையும் போட்டோவையும் தளத்தில் ஏற்ற வேண்டும், கட்டணம் இல்லை. சின்னப் பிள்ளைகள் விஷயம் வேறு. 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் ஏற்ற வேண்டும், 20 தாண்டியபின் எடுக்கும் பாஸ்போர்ட்டுக்குக் கார்டையே ஒரு முறை மாற்ற வேண்டும். ஆகவே விடுமுறைக்கு மட்டும் தாத்தா பாட்டியைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு இ-விசாவே போதும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். பெற்றோரில் ஒருவராவது கார்டு வைத்திருக்கட்டும்.