ஃபீல்டு டெஸ்ட்: 5க்கு 4

24 வருஷம் அரசு பஸ் ஓட்டியவன் நான். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்ணில் பிரஷர் கூடுதல், பார்வை சுற்றி எதுவரை தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார்கள். திருச்சியில் ஒரு கண் மருத்துவமனை. கட்டணம் 700 ரூபாய்.

இருட்டறை. ஒரு கண்ணை மறைத்து, வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்த மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடு விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றி எங்கே புள்ளி மின்னினாலும் பட்டனை அமுக்க வேண்டும். மொத்தம் 54 இடம். பாதிப் புள்ளிகள் கண்ணுக்கே எட்டாத மங்கலில்தான் வருமாம். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்! பயத்தில் சும்மா சும்மா அமுக்கி, முதல் டெஸ்ட் செல்லாமல் போனது. நடுநடுவே, எதுவுமே தெரியாத நம் குருட்டுப் புள்ளியிலும் விளக்கைப் போட்டுப் பார்க்கிறது மெஷின். அதற்கும் அமுக்கினால் மாட்டினோம். சரியான செக்கிங் இன்ஸ்பெக்டர்.

"எல்லார் கண்லயும் ஒரு ஓட்டை உண்டுங்கய்யா, நரம்பு வெளிய போற இடம்" என்றது டெஸ்ட் எடுத்த பொண்ணு. நான் நம்பவில்லை. வீட்டில் கட்டம் போட்ட லுங்கியை விரித்து, ஒரு பொட்டை ஒட்டி, அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தேன். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து பொட்டையே பார்த்தால், நாணயம் காணோம். அந்த இடம் காலியாகவாவது தெரிய வேண்டாமா? லுங்கிக் கட்டம் அறுபடாமல் ஓடுகிறது. 1660களிலேயே மரியோத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததாம், மகள் சொன்னாள்.

ரிப்போர்ட்டில் என் இடக்கண் பார்வையில் மேலே, மூக்கோரமாய், கறுப்புத் திட்டு. க்ளாக்கோமா, கண் நரம்பைக் கெடுக்கும் நோய். இத்தனை நாளில் கறுப்பாய் எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் வலக்கண் ஈடுகட்டிவிடும், சரி. வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன். திட்டு இருக்க வேண்டிய இடத்தில் இலை. எது மரத்து இலை, எது என் மண்டை ஒட்டுப்போட்ட இலை என்று பிரிக்க முடியவில்லை. போன பார்வை திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்ற தினமும் ராத்திரி சொட்டு மருந்து.

ஒரு மார்க் குறைத்தது, ரிப்போர்ட்டைக் கையில் திணித்து இரண்டே நிமிஷத்தில் அனுப்பியதற்கு. அந்தக் கறுப்பு என்ன என்று நான் கேட்ட பிறகுதான் டாக்டர் சொன்னார்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இருட்டில் தூக்கம் சொக்கும். கண் சிமிட்டலாம், தப்பில்லை.