கோள்களின் தனித்தன்மையைத் தேடுவோருக்கு நாசாவின் ஓர் அட்டவணை: பயன்பாட்டு மதிப்பீடு

ஒவ்வொரு கோளிடமும் என்ன தனித்தன்மை என்று தேடினால் எங்கும் ஒரே பட்டியல்தான் கிடைக்கிறது. புதன் சிறியது, வெள்ளி சுடுகிறது, வியாழன் பெரியது, சனிக்கு வளையம் உண்டு. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஏன் அப்படி என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு வருபவர்களுக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றில் நாங்கள் முதலில் கைகாட்டுவது நாசாவின் கோடார்ட் மையத்திலுள்ள விண்வெளித் தரவுக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும் 'பிளானட்டரி ஃபேக்ட் ஷீட்' என்ற அட்டவணையை.

படமோ அசைவோ அதில் கிடையாது. தோற்றம் பழையது, மொழி ஆங்கிலம் மட்டும். ஆனாலும் எல்லாக் கோள்களையும் ஒரே அலகில் பக்கம் பக்கமாக நிறுத்தியிருப்பதால், பொருந்தாத எண்கள் உடனே கண்ணில் படுகின்றன. ஒரு கோளின் தனித்தன்மையைப் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். பொறுமையாகப் படிக்கத் தெரிந்தவருக்கு இது மிகச் சிறந்த கருவி. படிக்கும் முறை தெரியாவிட்டால் நான்கைந்து இடங்களில் நிச்சயம் வழுக்கிவிடும்.

அட்டவணையில் 20 வரிசைகளும் 10 நெடுவரிசைகளும் உள்ளன. எட்டுக் கோள்களுடன் நிலாவும் புளூட்டோவும் சேர்ந்திருக்கின்றன. மெட்ரிக் அலகு, அமெரிக்க அலகு, பூமியை 1 என்று வைத்த விகிதம் என மூன்று வடிவங்கள் உண்டு. விகித வடிவத்தில் தொடங்குவது நல்லது. கோளின் பெயரைச் சொடுக்கினால் அதற்கான தனித்தாள் திறக்கும். வரிசையின் பெயரைச் சொடுக்கினால் அந்த அளவு எப்படி வரையறுக்கப்பட்டது என்ற விளக்கம் வரும். பலரும் எட்டிப் பார்க்காத இந்த விளக்கப் பக்கத்தில்தான் பாதிக் குழப்பங்களுக்கு விடை இருக்கிறது.

ஈர்ப்பு வரிசையை எடுத்துக்கொள்வோம். புதனுக்கும் செவ்வாய்க்கும் ஒரே எண்: 3.7 மீ/வி². செவ்வாயின் நிறை புதனைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் செவ்வாயின் விட்டம் 6,792 கி.மீ., புதனுடையது 4,879 கி.மீ. இந்த விகிதத்தின் வர்க்கமும் ஏறத்தாழ இரண்டே. நிறையால் கூடியதை ஆரம் குறைத்துவிடுகிறது. அடுத்து அடர்த்தி வரிசைக்கு வந்தால் புதன் 5,429, செவ்வாய் 3,934 கி.கி./மீ³. இத்தனை சிறிய கோளுக்கு 5,429 மிக அதிகம். பூமியின் 5,514-இல் ஒரு பங்கு, தன் எடையால் தானே அழுந்தியதால் வந்தது. அந்த அழுத்தத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் புதன் பூமியை முந்திவிடும். காரணம் அதன் உலோக உள்ளகம், ஆரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. 'மிகச் சிறிய கோள்' என்பதைவிட இதுவே புதனின் உண்மையான அடையாளம்.

வெள்ளிக்குத் தனித்தாளைத் திறந்தே ஆகவேண்டும். முதன்மை அட்டவணை 464 டிகிரி செல்சியஸ் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தனித்தாளில் 'கரும்பொருள் வெப்பநிலை' என்று ஒரு வரி உண்டு. வாங்கும் சூரிய ஒளியை மட்டும் கணக்கில் கொண்டால் கோள் இருக்க வேண்டிய வெப்பநிலை அது. வெள்ளிக்கு 226.6 கெல்வின், பூமிக்கு 254.0 கெல்வின் (கெல்வினில் 273-ஐக் கழித்தால் செல்சியஸ்). சூரியனுக்கு அருகிலிருக்கும் வெள்ளி, இந்தக் கணக்கில் பூமியைவிடக் குளிர்ந்த கோள்! அதன் மேகங்கள் ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதே காரணம். ஆனால் தரையில் அளந்த வெப்பம் 737 கெல்வின். இடைப்பட்ட 510 டிகிரியும் 92 பார் (பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்) அழுத்தமுள்ள கரியமில வாயுப் போர்வையின் வேலை. பூமியில் இதே வித்தியாசம் ஏறத்தாழ 34 டிகிரிதான். இந்தக் கரும்பொருள் வெப்பநிலை வரியையும் முதன்மை அட்டவணையிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் முதல் குறை.

வெப்பநிலை வரிசையிலேயே இன்னொரு புதையல் வலது ஓரத்தில் இருக்கிறது. யுரேனஸ் -195, நெப்டியூன் -200. ஐந்தே டிகிரி வித்தியாசம். தூர வரிசையில் யுரேனஸ் 286.7 கோடி கி.மீ., நெப்டியூன் 451.5 கோடி கி.மீ. அப்படியானால் நெப்டியூனுக்குக் கிடைக்கும் ஒளி யுரேனஸுக்குக் கிடைப்பதில் ஐந்தில் இரண்டு பங்குதான். அது இன்னும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டுமே! நெப்டியூன் சூரியனிடமிருந்து பெறுவதைப் போல் 2.6 மடங்கு ஆற்றலை வெளிவிடுகிறது. மிச்சம் உள்ளிருந்து வருவது. யுரேனஸிடம் அந்த உள்வெப்பம் மிகச் சொற்பம். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு கோள்களில் ஒன்று மட்டும் ஏன் இப்படி என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. 'நீலக் கோள், வேகமான காற்று' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இனி வழுக்கும் இடங்கள். முதலாவது குறி. வெள்ளியின் தற்சுழற்சி -5,832.5 மணி என்றிருக்கும். கழித்தல் குறி, எதிர்த்திசையில் சுழல்கிறது என்பதைக் காட்டுகிறது. அச்சுச் சாய்வு வரிசையில் 177.4 டிகிரி என்றிருப்பதும் அதே செய்தியைத்தான் சொல்கிறது. இரண்டையும் தனித்தனித் தகவலாக எடுத்து, கோளைத் தலைகீழாகவும் சாய்த்து எதிர்த்திசையிலும் சுற்றவிட்டால், அது மறுபடி பூமியைப் போலவே சுழலத் தொடங்கிவிடும். யுரேனஸின் 97.8 டிகிரிக்கும் -17.2 மணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மாதிரி செய்பவர்கள் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறியைத் தவறவிட்டால் நாள் கணக்கும் கெடும். ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை எவ்வளவு என்று கண்டுபிடிக்க, 1-ஐத் தற்சுழற்சிக் காலத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐச் சுற்றுப்பாதைக் காலத்தால் வகுத்ததைக் கழித்து, விடையைத் தலைகீழாக்க வேண்டும். புதனுக்கு 58.65 நாளும் 88 நாளும் போட்டால் ஏறத்தாழ 176 நாள் வரும். அட்டவணையின் 4,222.6 மணியும் அதுவே. அதாவது புதனில் ஒரு பகலிரவு முடிவதற்குள் இரண்டு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. வெள்ளிக்கு -243.02, 224.7 என்று போட்டால் 116.75 நாள். கழித்தல் குறியை விட்டுவிட்டால் ஏறத்தாழ 2,980 நாள் என்று வரும். எட்டு ஆண்டு நீளமுள்ள நாள் ஒன்று விடையாக வந்தால், தவறு குறியில்தான்.

இரண்டாவது, ராட்சதக் கோள்களின் விட்டம். தரப்பட்டிருப்பது நடுக்கோட்டு விட்டம். சனி 120,536 கி.மீ. என்பதை வைத்து, முழுக்கோளம் என்று எண்ணி அடர்த்தி கணக்கிட்டால் 620 வரும். அட்டவணையிலோ 687. இதைப் பார்த்ததும் அட்டவணை தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். வேகமாகச் சுழல்வதால் சனி தட்டையாகிவிட்டது. துருவ ஆரம் 54,364 கி.மீ., நடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ. அந்தப் பத்து விழுக்காட்டுச் சரிவுதான் கணக்கில் விழுந்த பள்ளம். எந்தக் கோளும் இந்த அளவுக்குத் தட்டையாக இல்லை. வளையத்துக்கு முன்னால் இதைச் சொல்லலாம்.

ஈர்ப்பிலும் இதே சங்கதி. பல நூல்களில் வியாழனுக்கு 24.8 என்றிருக்க, இங்கே 23.1. சுழற்சியின் வெளித்தள்ளலைக் கழித்து, நடுக்கோட்டில் உணரப்படும் மதிப்பை இந்த அட்டவணை தருகிறது. தனித்தாளில் இரண்டுமே உண்டு. பூமியைப் போல் 95 மடங்கு நிறையுள்ள சனிக்கு வெறும் 9.0 வருவதற்கு அதன் பெரிய ஆரத்தோடு இந்தச் சுழற்சியும் காரணம். மேலும், இக்கோள்களுக்குத் தரை கிடையாது. ஈர்ப்பும் வெப்பநிலையும் வாயு அழுத்தம் 1 பார் உள்ள மட்டத்துக்குரியவை. 'வியாழனின் மேற்பரப்பு வெப்பம் -110' என்று எழுதுவது பிழை.

மூன்றாவது, 'ஆம், இல்லை' என்று மட்டும் சொல்லும் வரிசைகள். அட்டவணையின் மிகப் பலவீனமான பகுதி இது. காந்தப்புலம் என்ற வரிசையில் சனிக்கும் யுரேனஸுக்கும் ஒரே 'ஆம்'. சனியின் காந்த அச்சு சுழற்சி அச்சோடு ஏறத்தாழ அப்படியே ஒட்டி நிற்கிறது. யுரேனஸில் 59 டிகிரி சாய்ந்து, மையத்தையும் விட்டு விலகியிருக்கிறது. இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டா? செவ்வாய்க்கு 'இல்லை' என்றிருக்கிறது, சரிதான். ஆனால் அதன் பழைய தென்பகுதிப் பாறைகளில் வலுவான காந்தத் தடயம் இருப்பதை 1990-களின் இறுதியில் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் கண்டறிந்தது. ஒரு காலத்தில் அங்கே புலம் இருந்து அணைந்துபோயிருக்கிறது. அது 'இல்லை' என்ற சொல்லுக்குள் மறைந்துவிடுகிறது. புதனின் சராசரி வெப்பம் 167 என்பதும் இதே வகைக் குறை. பகலில் 430 வரை, இரவில் -180 வரை போகும் இடத்துக்குச் சராசரியால் என்ன பயன்?

நான்காவது, பழசாகும் எண்கள். துணைக்கோள் வரிசையை மேற்கோள் காட்டும்போது பார்த்த தேதியையும் குறிப்பிட வேண்டும். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் சனிக்கு 128 துணைக்கோள்கள் சேர்ந்து மொத்தம் 274 ஆனது. சனியின் சுழற்சியான 10.7 மணி, வாயேஜர் விண்கலங்களின் காலத்து வானொலி அளவீட்டிலிருந்து வந்தது, 10 மணி 39 நிமிடம். வளையங்களில் எழும் அலைகளை வைத்து காசினி விண்கலத்தின் தரவிலிருந்து 2019-இல் கணித்தது 10 மணி 33 நிமிடம் 38 விநாடி. எல்லா நெடுவரிசைக்கும் ஒரே தசமத் துல்லியம் இருப்பதால், எல்லாம் ஒரே நம்பகத்தன்மை உடையவை என்ற மயக்கம் வேண்டாம். சனியைக் காசினி 13 ஆண்டுகள் சுற்றியது. யுரேனஸை 1986 ஜனவரியிலும் நெப்டியூனை 1989 ஆகஸ்டிலும் வாயேஜர் 2 ஒரே ஒருமுறை கடந்து சென்றதோடு சரி.

விரிதாளுக்கு மாற்றும்போது மூன்று வேலைகள் உண்டு. நிலா, புளூட்டோ நெடுவரிசைகளை முதலில் நீக்குங்கள். நிலாவின் தூரம் 0.384* என்று பூமியிலிருந்து தரப்பட்டிருப்பதால், சூரியத் தூர வரைபடத்தில் அது புதனுக்கும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். அடுத்து, உடுக்குறி (*) இட்ட கலங்களையும் 'தெரியாது' என்றிருக்கும் அழுத்தக் கலங்களையும் காலியாக்குங்கள். சுழியம் போட்டுவிட்டால் வியாழனுக்கு வளிமண்டலமே இல்லை என்றாகிவிடும். கடைசியாக, நிறை 10²⁴ கி.கி. அலகிலும் தூரம் பத்து லட்சம் கி.மீ. அலகிலும் இருப்பதைத் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

எரிமலை, கண்டத்தட்டு நகர்வு, திரவ நீர் ஆகியவை பற்றி அட்டவணை பேசுவதில்லை. அதனால் பூமியின் நெடுவரிசை எல்லாவற்றிலும் சாதுவான 1 ஆகவே தெரியும். பூமிக்கும் வெள்ளியின் மேற்பரப்புக்கும் வேறு ஆதாரம் தேடத்தான் வேண்டும்.

எண்களைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எஃப்6 விசையை அழுத்தி இருப்பிடச் சாளரத்தில் கோளாகப் புதனைத் தேர்ந்தெடுத்து, அகலாங்கு 0, நெட்டாங்கு 90 என்று கொடுங்கள். 'எல்' விசையை ஐந்து முறை அழுத்தினால் ஒரு விநாடிக்கு ஒரு நாளுக்குச் சற்று மேலாகக் காலம் ஓடும். புதன் சூரியனுக்கு மிக அருகில் வரும் சில நாட்களில் பாதை வேகம் சுழற்சி வேகத்தை மிஞ்சிவிடும். அப்போது அடிவானத்தில் சூரியன் எழுந்து, தயங்கி, இறங்கி, பிறகு மறுபடி எழும். கவனிக்க வேண்டிய கட்டம் வந்ததும் 'ஜே' விசையால் வேகத்தைக் குறைக்காவிட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் தவறிவிடும். அட்டவணையின் மையத்தொலைத்தகவு (சுற்றுப்பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியது என்ற அளவு) வரிசையில் புதனுக்கு 0.206 என்று இருப்பதன் பொருள் இதுதான். அதே சோதனையை வெள்ளியில், 0.007-இல், செய்துபார்த்தால் சூரியன் மேற்கே உதித்துச் சீராக நகரும், ஒரு தயக்கமும் இருக்காது.