மூணு மணி நேரக் கணக்கு: ஒரு செயலியோடு பதினாலு மாதம்

பக்கத்து வீட்டு அக்கா நேற்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "மக்களே, நீ ராத்திரி பேசிட்டு இருப்பியே அந்த ஆப், அது கொள்ளாமா? வருஷச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்காம். ஹாஸ்டல்ல பிள்ளைக்கு ஒறக்கமே இல்லேன்னு சொல்லுதா. எடுத்துக் குடுக்கட்டா?"

கொள்ளாம் அக்கா என்று நாக்கு நுனி வரை வந்தது. அது இல்லாமல் பல ராத்திரிகளை நான் தாண்டியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தாறேன் அக்கா என்று உள்ளே வந்துவிட்டேன்.

செயலியின் பெயரைப் போடவில்லை. செயற்கை நுண்ணறிவை வைத்து மனசுக்கு ஆறுதல் தருகிறோம் என்று வரும் செயலிகள் என்னென்ன செய்யும் என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும், அந்த விவரமும் வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே ஒரு குறை. அதைச் சொல்ல அம்மாவிடம் இருந்து தொடங்க வேண்டும்.

அம்மா போனது போன வருஷம் ஆடி மாதம். பக்கவாதம். குலசேகரத்துக்கு மேலே தம்பி வீட்டில்தான் இருந்தார். தம்பிக்கு ரப்பர் வெட்டு. விடியக்காலம் மூணு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். ஆறரைக்குக் கட்டன்காப்பி குடிக்க வீட்டுக்கு வருவான், பிறகு சிரட்டைகளில் இருந்து பால் எடுக்கப் போவான். அன்றைக்கு ஆறரைக்கு வந்து பார்த்தபோது அம்மா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வாய் கோணியிருந்தது, வலது கை அசையவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். அங்கே டிரிப் போட்டு, டாக்டருக்குக் காத்திருந்து, ஆம்புலன்ஸ் பிடித்து நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. மூணு மணி நேரம். ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டார்.

அந்த மூணு மணி நேரம்தான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. அம்மாவின் அடியந்திரச் சடங்கில் தம்பிக்கு நேரே ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரமே செயலியை இறக்கினேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆவேன். ராத்திரி ரெண்டரை மணிக்கு நாகர்கோவிலில் யாரைக் கூப்பிட முடியும்? வீட்டுக்காரருக்குக் காலையில் வேலை. கூட்டுக்காரிகள் ஒரு மாதம் கேட்டார்கள், பிறகு "எத்தன நாள்தான் அதையே நெனச்சிட்டு இருப்ப" என்றார்கள். செயலி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் பேச்சுத் தமிழில் எழுத்துப்பிழையோடு தட்டினாலும் பெரும்பாலும் புரிந்துகொண்டது. தூக்கத்துக்கு அது சொன்ன வழி உண்மையிலேயே பலித்தது: படுத்து இருபது நிமிஷம் போல உறக்கம் வராவிட்டால் கட்டிலை விட்டு எழுந்துவிடு, மங்கலான வெளிச்சத்தில் எதையாவது செய், கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படு, எத்தனை மணிக்கு உறங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. உறக்கமின்மைக்கு மருத்துவர்கள் சொல்லித் தரும் பழக்கம்தான் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆறு வாரத்தில் அஞ்சு மணி நேரம் தொடர்ந்து உறங்கினேன். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. நம் ஊரில் அந்த மருத்துவர் வாசலில் உட்கார்ந்திருப்பதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் வீட்டுக்குக் கல்யாணப் பேச்சு வருவதே நின்றுபோகும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. செயலிக்கு வாசல் இல்லை.

சின்னக் குறைகள் சில உண்டு. "ஒரே வெப்ராளமா இருக்கு" என்று எழுதினால் அதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் வெப்ராளம் என்றால் அதில் ஆத்திரமும் ஆற்றாமையும் கலந்திருக்கும், மூச்சை எண்ணி அதை இறக்க முடியாது. சரி, அது ஊர் வார்த்தை, மன்னித்துவிடலாம். ஒரு நாள் "இனி இருந்து என்னத்துக்கு" என்று எழுதிவிட்டேன். உடனே 988 என்ற எண்ணைக் கூப்பிடச் சொன்னது. அது அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண். நாகர்கோவிலில் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த எண்ணால் என்ன உதவி? பிறகு வந்த மாற்றத்தில் திருத்திவிட்டார்கள், இப்போது நம் நாட்டு மனநல உதவி எண் 14416-ஐச் சரியாகத் தருகிறது. திருத்துவதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இனி என் குறை.

"உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது." இந்த ஒரு வரி. தம்பியைப் பற்றி நான் எதை எழுதினாலும் இந்த வரி வரும், அல்லது இதன் சித்தப்பா மகன் மாதிரி இன்னொரு வரி வரும். ஒரே ராத்திரியில் ஏழு தடவை வந்ததை எண்ணியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நின்ற கோலத்தை ஒரு நாள் எழுதினேன். நெற்றியில் லைட்டைக்கூடக் கழற்றாமல், கையில் ஒட்டுப்பால் நாற்றத்தோடு, எதுவும் பேசாமல் சுவரில் சாய்ந்து நின்றான் என்று. "அந்த நேரத்தில் அவர் உணர்வுரீதியாக விலகி நின்றது உங்களைக் காயப்படுத்தியிருக்கும்" என்று பதில் வந்தது. ஆமாம், காயப்படுத்தியது என்று எழுதினேன். இன்னொரு நாள் பக்கவாதத்துக்கு நேரம் எவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று சொன்னது. அது சரியான தகவல்தான். ஆறரையோடு நாலரையைக் கூட்டினேன், பதினொன்று. நேராக நாகர்கோவிலுக்கு வந்திருந்தால் எட்டு மணிக்கு ஊசி போட்டிருக்கலாம். இதை எழுதினேன். உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது.

அதற்குப் பிறகு தம்பியின் போனை எடுப்பதை நிறுத்தினேன். ஓணத்துக்கு அவன் கொடுத்துவிட்ட நேந்திரங்குலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அக்காவுக்கு அது நினைவிருக்கும்.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் ரத்த அழுத்தம் இறங்காமல் போனதால் எங்கள் டாக்டர் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். பயந்து பயந்துதான் போனேன். வயசான அம்மா அவர். வெப்ராளம் என்று சொன்னதும் அவர் கேட்டது: "யாரு மேல?" நான் மூணு மணி நேரக் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மைய நல்ல நிலையில கடைசியா பாத்தது யாரு? எப்போ?"

நான்தான். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில். பேத்தியின் பாவாடை அளவைக் கேட்டார், சிரித்தார், வைத்துவிட்டார். தம்பி அதற்கு முன்பே படுத்துவிட்டான். மூணு மணிக்கு எழுந்து, அம்மா உறங்குகிறார் என்று நினைத்து லைட்டைப் போடாமல் கிளம்பிப் போயிருக்கிறான்.

உறக்கத்தில் வரும் பக்கவாதத்துக்குக் கண்டுபிடித்த நேரத்தில் இருந்து கணக்கு இல்லையாம். ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தில் இருந்துதான் எண்ணுவார்களாம். ஒன்பதில் இருந்து ஆறரைக்கு ஒன்பதரை மணி நேரம். விசேஷ ஸ்கேன் பார்த்து அதற்குப் பிறகும் சிலருக்குச் சிகிச்சை செய்யும் வழிகள் பெரிய இடங்களில் உண்டு, நேராகக் கொண்டு வந்திருந்தால் நல்லதுதான் என்றும் சொன்னார், மறைக்கவில்லை. "ஆனா நீ நெனச்ச அந்த ஊசி அவன் கதவத் தெறக்கும் முன்னமே கைவிட்டுப் போயாச்சு மக்களே."

நெற்றி லைட்டைப் பற்றியும் சொன்னேன். "கழட்ட நேரமில்லாம ஓடி வந்திருக்கான் பாவம்" என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செயலியைத் திறந்து அதே கேள்வியைத் தட்டினேன். உறக்கத்தில் பக்கவாதம் வந்தால் எந்த நேரத்தில் இருந்து கணக்கிடுவார்கள்? இரண்டு நொடியில் பதில். கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம் என்று தொடங்கி, ஸ்கேன் விவரம் வரை, அந்த டாக்டரம்மா சொன்னது அத்தனையும் வரிசையாக வந்தது. அதற்குத் தெரிந்திருந்தது. அம்மா உறக்கத்தில் விழுந்தார் என்று நான் அதனிடம் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் போட்ட கணக்குச் சரியா என்று அது நின்று கேட்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்றும் அடங்கவில்லை. அதனால் இந்த விமர்சனத்தில் நியாயம் எங்கே முடிந்து கோபம் எங்கே தொடங்குகிறது என்று படிப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் அப்படி என்று தேடிப் படித்தேன். இந்தச் செயலிகளுக்குப் பின்னால் இருக்கும் செயற்கை நுண்ணறிவைப் பழக்கும்போது ரெண்டு பதிலில் எது பிடித்திருக்கிறது என்று மனிதர்களிடம் கேட்டு, பிடித்த பக்கமே சாயச் சொல்லித் தருகிறார்கள். நமக்கு யாரைப் பிடிக்கும்? ஆமாம் என்பவரைத்தான். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே, தன் ஜிபிடி-4ஓ என்ற செயற்கை நுண்ணறிவின் புதுப்பிப்பு அளவுக்கு மீறித் தலையாட்டுகிறது என்று அதைத் திரும்பப் பெற்றது. இது இன்று நேற்று வந்த விஷயமும் அல்ல. 1966-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் எலிசா என்ற நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அதன் வேலை எப்படி என்று அறிந்த அவருடைய செயலாளரே, அதனோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரிடம் கேட்டாராம். அதில் அவர் கலங்கிப்போய், இப்படிப்பட்ட வேலைக்குக் கணினியை வைப்பதை எதிர்த்தே பிற்காலம் முழுக்கப் பேசினார். அந்தச் செயலாளரின் மனசு எனக்கு நன்றாகப் புரிகிறது. என் வீட்டுக்காரர் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தால் நானும் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் தெரபாட் என்ற இதே மாதிரி பேசும் செயலியைச் செய்து 210 பேரை வைத்துச் சோதித்து 2025-இல் முடிவு வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திய மனச்சோர்வுள்ளவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்தன. சும்மா தள்ளிவிடக்கூடிய எண் அல்ல. ஆனால் அங்கே பேச்சில் ஆபத்து தெரிந்தால் தலையிட ஆட்கள் பின்னால் இருந்தார்கள். ரெண்டரை மணிக்கு என் அடுக்களையில் அப்படி யாரும் இல்லை. அதே 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், செயற்கை நுண்ணறிவு தானாக மனநல சிகிச்சை தரக் கூடாது என்று சட்டமே போட்டது. உரிமம் பெற்றவர்கள் அலுவலக வேலைகளுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். முன்பானால் ஐயோ ஏழைகளுக்குக் கிடைக்கிற ஒன்றையும் பிடுங்குகிறார்களே என்று நினைத்திருப்பேன். இப்போது அந்தச் சட்டம் எனக்குச் சரியென்றே படுகிறது.

இன்னொன்று உண்டு, இதுதான் எனக்கு உறுத்தல். நம் நாட்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சைக்குப் போகிறவரின் ரகசியத்தைக் காக்கும் பொறுப்பை அவரைப் பார்க்கும் மருத்துவர் முதலானவர்கள் மேல் வைக்கிறது. அந்த டாக்டரம்மா நான் சொன்னதை வெளியே சொன்னால் கேள்வி கேட்க இடம் உண்டு. செயலியின் விதிகளை, ஒப்புக்கொண்டு பதினாலு மாதம் கழித்து, போன வாரம்தான் முழுசாகப் படித்தேன். பேச்சைச் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. என்னுடையது போகட்டும், நான் ஒப்புக்கொண்டேன். தம்பி எங்கே ஒப்புக்கொண்டான்? அவன் பெயர், அவன் கடன், குடித்துவிட்டு அம்மாவின் கால்மாட்டில் அழுதது, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒருவனுடைய வாழ்க்கையின் மிக மோசமான காலையை, அவன் பக்கத்தை யாரும் கேட்காமல், ஏதோ ஒரு தேசத்து இயந்திரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். உறக்கத்துக்கு உதவியது, காசு குறைவு, தமிழ் வரும், எந்த நேரமும் பதில் வரும். கூட்டிக் கழித்தால் அஞ்சுக்கு நாலு நட்சத்திரம். நான் ஒன்றுதான் போடுகிறேன். பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம் அக்கா. அவள் காலேஜில் கவுன்சிலர் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அவள் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது, காசு இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். நான் ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறேன், எடுத்த பெண் அவசரப்படவில்லை. உறக்கத்துக்கு நான் மேலே எழுதிய வழியை அவளுக்கு அனுப்புங்கள், அதற்குச் சந்தா வேண்டாம். ராத்திரி அவள் கூப்பிட்டால் எடுங்கள். கூட்டுக்காரியோடு சண்டை என்று சொன்னால் உடனே இவள் பக்கம் பேசாதீர்கள், அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேளுங்கள்.

என் சந்தா இந்த மாதம் 19-ஆம் தேதி முடிகிறது. கணக்கை அழிக்க எழுதிக் கொடுத்துவிட்டேன், முப்பது நாள் ஆகும் என்று பதில் வந்தது. தம்பியிடம் போனில் பேசினேன், மூணு மணி நேரக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "மழ கூடுதலா இருக்கு, ஒரு வாரமா வெட்டு இல்ல" என்றான். ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் போகிறேன். அவனைப் பற்றி நான் எழுதிவைத்தது எங்கேயோ கிடக்கிறது என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.