தோற்ற ஆட்டங்களைத் திரும்பப் பார்த்த இரண்டு வருடம்

லிசெஸ் தளத்தில் என் செஸ் ஆட்டங்களை அலசத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. காசு கட்ட வேண்டாம், விளம்பரம் கிடையாது, ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் (நகர்வுகளைக் கணக்கிடும் செஸ் நிரல்) எந்த ஆட்டத்தையும் பிரித்து மேய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற எனக்கு இது தாராளம்.

ஆனால் முதல் ஆறு மாதம் உருப்படியாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்ததும் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவேன். பெரிய தப்பு என்று இரண்டு கேள்விக்குறி விழுந்த இடத்தைப் பார்ப்பேன், எஞ்சின் சொல்லும் நகர்வைப் பார்ப்பேன், "அட, ஆமாம்" என்பேன். தோ பாயோ நிலையம் வருவதற்குள் மறந்து போகும். நல்ல நகர்வு எது என்று எஞ்சின் சொல்லிவிடும். நான் ஏன் அந்த மோசமான நகர்வை ஆடினேன் என்பது எனக்குத்தான் தெரியும், அதுவும் ஆடிய அன்றைக்கு மட்டும்.

அதனால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக் கல் மேசையில் ஆடும்போதே நகர்வுகளை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்டத்தை ஏற்றி, தடுமாறிய இடங்களில் அப்போது மனதில் ஓடியதை ஒரு வரி எழுதுகிறேன். எஞ்சின் மறுநாள்தான். தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ள அதில் தனியாக ஒரு வசதி உண்டு. விடையைச் சொல்லாமல், தப்பு செய்த அதே நிலையில் நிறுத்தி வேறு நகர்வைத் தேடச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். எதிரே எங்கள் புளோக் அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் கறுப்பு. என் ராஜா ஈ8 கட்டத்தில், யானை ஜி6-இல். அவருக்கு ராஜா டி5, சிப்பாய் ஈ5, கூட ஒரு யானை. அந்த யானையை டி6-க்குக் கொண்டுவந்து என் யானைக்கு நேரே நிறுத்தினார். வெட்டினேன். ராஜாவால் திருப்பி வெட்டினார். தோற்றேன். "காய் குறைந்தால் டிரா சுலபம்" என்று அன்றிரவு நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஏழு காய்க்குள் வந்துவிட்டால் லிசெஸில் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த முடிவு அட்டவணை உண்டு, அது ஊகத்துக்கு இடமில்லாத விடை. வெட்டும் முன் டிரா, வெட்டிய பின் வெள்ளைக்கு வெற்றி. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு மாலை ஆனது. நான் வெட்டியதால்தான் அவர் ராஜா ஆறாம் வரிசையில் ஏறி, சிப்பாய்க்கு முன்னே போய்விட்டது. அதற்குப் பிறகு யார் முறை என்றாலும் அந்தச் சிப்பாய் ராணிதான். யானையை வைத்துக்கொண்டு ஜி1-க்கு இறங்கியிருந்தால் பின்னாலிருந்து தொல்லை கொடுத்துத் தப்பித்திருக்கலாம். பழைய நோட்டைப் புரட்டினால் இன்னும் மூன்று ஆட்டங்களில் இதே வரி!

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரின் செந்தோசாவில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் 14-ஆவது ஆட்டம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அப்போதைய சாம்பியன் டிங் லிரன் 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-க்கு நகர்த்தி மாற்றிக்கொள்ளப் பார்த்தார். எதிரே ஆடிய இந்தியாவின் குகேஷ் யானையை வெட்டி, மந்திரியையும் டி5-இல் மாற்றிக்கொண்டார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் அவருக்கு வெற்றி. 18 வயதில் உலக சாம்பியன். நேரலையில் பார்த்தபோது எல்லாரும் ஏன் கத்துகிறார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

குறைகளும் உண்டு. எவ்வளவு சரியாக ஆடினோம் என்று லிசெஸ் காட்டும் துல்லிய சதவீதத்தை நம்ப வேண்டாம். சப்பென்ற ஆட்டத்துக்கும் தொண்ணூறைத் தாண்டும். எஞ்சின் சொல்லும் பத்து நகர்வு நீள வரிசை என் போன்றவர்களுக்கு உதவாது, இரண்டு நகர்வோடு நிறுத்திக்கொள்கிறேன். இடையில் மாதச் சந்தா கட்டி வேறொரு செயலியையும் பார்த்தேன். சுமாரான நகர்வுக்கெல்லாம் பாராட்டு வந்தது, இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் அண்ணனிடம் அந்த நிலையைக் காட்டினேன். "அப்படியா?" என்று ஐந்து காயையும் கல் மேசையில் அடுக்கினார். ஒரு தடவை அவர் வெள்ளை, ஒரு தடவை நான் வெள்ளை என்று மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தோம், அண்ணி சாப்பிடக் கூப்பிடும் வரை.