பதினாறு வருஷம் ஒரே வாட்ச்: ஒரு ஹெலிகாப்டர்காரனின் கைக்கணக்கு

ஆச்சி மகனுக்கு, அதாவது என் அக்கா மகனுக்கு, துண்டிகல் விமானப்படை அகாடமியில் இடம் கிடைத்துவிட்டது. கிடைத்த மறுநாளே காரைக்குடியிலிருந்து பைக்கில் கானாடுகாத்தான் வந்து, முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மான், பைலட் வாட்ச் எது வாங்கலாம்?" பயிற்சி எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி இருக்கும் என்றெல்லாம் இல்லை, வாட்ச்தான். போனில் ஏழெட்டுப் படம் சேர்த்து வைத்திருந்தான், அதில் ஒன்று எண்பதாயிரம். நான் என் கையை நீட்டிக் காட்டினேன். பயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் சிரித்த வாட்சைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 2009-ல் வாங்கியது. ஜப்பான்காரன் செய்த சோலார் குவார்ட்ஸ், கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், டயலைச் சுற்றித் திருப்பக்கூடிய வளையம் (பெசல்), 100 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று பின்னால் எழுதியிருக்கும். விலை எட்டாயிரத்துச் சொச்சம். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை, அந்த மாடலை நிறுத்திப் பல வருஷமாச்சு, பெயரை வைத்துத் தேடி அலைய வேண்டாம். எம்ஐ-17 ஹெலிகாப்டரில் அஸ்ஸாம், அருணாச்சலம், லடாக் என்று என்னோடு சுற்றியது, இப்போது ஓய்வு பெற்று என்னோடு சந்தைக்கு வருகிறது.

இதற்கு முன்னால் கட்டியவை இரண்டு. அகாடமிக்குப் போகும்போது அப்பச்சி (அப்பா) தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்த எச்எம்டி ஜனதா ஒன்று. 1961-ல் பெங்களூரில் சிட்டிசன் கம்பெனியின் கூட்டோடு எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது, அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்கே உத்தியோகத்தின் அடையாளம் அதுதான். தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். அது மேசை உத்தியோகத்துக்கான வாட்ச், ராத்திரிப் பறப்புக்கு அதை இழுத்துப் போனது என் தப்பு. இரண்டாவது, கல்யாணத்தில் மாமனார் வீட்டில் செய்த சுவிஸ் ஆட்டோமேட்டிக், தங்க முலாம், பளபளவென்று செயின். அதன் கதையைச் சொன்னால்தான் மூன்றாவதுக்கு ஏன் வந்தேன் என்பது புரியும்.

எம்ஐ-17-ல் என்ஜின் மூடிகளைத் திறந்து இறக்கினால் அவையே நின்று வேலை செய்யும் பலகை ஆகிவிடும். பறப்பதற்கு முன் அதில் ஏறி, மேலே சுழலும் இறக்கைகளைப் பிடித்திருக்கும் ரோட்டர் தலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை உள்ளே விட்டு எடுத்தபோது செயின் எதிலோ மாட்டி, வாட்சைப் பிடிக்கும் சின்னப் பின் தெறித்து, மாமனார் சீர் கண் முன்னால் உள்ளே விழுந்தது. படையில் லூஸ் ஆர்ட்டிகிள் என்று ஒரு சொல் உண்டு, அதைக் கேட்டாலே தரைப் பணியாளர்கள் முகம் மாறும். ஒரு திருகாணி, ஒரு பேனா மூடி, எது உள்ளே விழுந்தாலும் அது கிடைக்கும் வரை அந்த விமானம் பறக்காது, கட்டுப்பாட்டுக் கம்பியில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் ஆறு பேர் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத் தேடினார்கள். கியர்பாக்ஸ் பக்கம் ஒரு குழாய்க்கு அடியில் கிடைத்தது. அன்று போக வேண்டிய ரேஷன் மூட்டைகள் மறுநாள்தான் போயின. கமாண்டிங் ஆபீசர் ஒன்றும் திட்டவில்லை, "கல்யாண வாட்சா?" என்று மட்டும் கேட்டார், அது திட்டியதைவிட மோசம்.

அன்றிலிருந்து எனக்கு ஸ்ட்ராப்தான் முதல், வாட்ச் அப்புறம். இரண்டு பின்னையும் கோத்து வாட்சுக்கு அடியில் போகும் ஒரே நீளப் பட்டை இருக்கிறதே, பிரிட்டிஷ் ராணுவம் 1973-ல் தரம் நிர்ணயித்த மாதிரி, அதில் ஒரு பின் உடைந்தாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கும், கீழே விழாது. கடையில் கிடைப்பது நைலான். துவைக்கலாம், ஆத்தங்குடித் தரையில் போட்டால் பத்து நிமிடத்தில் காயும். ஆனால் நெருப்பில் நைலான் உருகித் தோலில் ஒட்டும். பறக்கும் உடுப்பை நெருப்புப் பிடிக்காத துணியில் தைத்துக் கொடுத்துவிட்டு, மணிக்கட்டில் உருகுகிற பட்டையைக் கட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. அதனால் காரைக்குடியில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் அதே அளவில் ஆட்டுத்தோலில் நாலு தைத்து வாங்கினேன். வியர்வையில் தோல் நாறும், நம்மூர் வெயிலில் இரண்டே மாதத்தில் கறுத்து நைந்துபோகும், மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். பறக்கும்போது தோல், தரையில் நைலான், இதுதான் என் வழக்கமாக இருந்தது.

சரி, காக்பிட்டில்தான் கடிகாரம் இருக்குமே, ஜிபிஎஸ் இருக்குமே, கையில் எதற்கு என்று பயல் கேட்டான். நல்ல கேள்வி. எம்ஐ-17 பேனலில் ஒரு ரஷ்யக் கடிகாரம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த சாமான். நடுவில் நேரம், மேலே சின்ன வட்டத்தில் பறந்த நேரம், கீழே ஸ்டாப்வாட்ச், சிவப்புக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க வேண்டும். ஆனால் அது தாழப் பறக்கும்போது கண் போகிற இடத்தில் இல்லை. ஜிபிஎஸ் இல்லாவிட்டால் எங்கே திரும்புவது என்பதை நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 120 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு 3.7 கிலோமீட்டர் கடக்கிறோம், பத்து நொடி தப்பினால் 600 மீட்டர். அருணாச்சலத்தில் ஒரு பள்ளத்தாக்கும் அடுத்ததும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும், 600 மீட்டரில் தப்பான வாய்க்குள் திரும்பிவிடலாம். ஜெட் ஓட்டுபவனுக்கு 420 நாட்டில் அதே பத்து நொடி இரண்டு கிலோமீட்டருக்கு மேல். ஜிபிஎஸ் நன்றாக இருக்கும் வரை இதெல்லாம் வெறும் பழக்கம், அது போகிற அன்று இதுதான் சோறு.

அதற்கு குரோனோகிராப், அதாவது பொத்தான் அழுத்தி ஓடவிடும் ஸ்டாப்வாட்ச் வைத்த வாட்ச், தேவையில்லை என்பது என் கட்சி. கையுறையோடு அந்தச் சின்னப் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்றே தெரியாது, ஓடுகிற முள்ளும் எந்தச் சின்ன வட்டத்தில் என்று தேட வேண்டும். முத்துக்குளிப்பவர்கள் மாதிரி நீரில் மூழ்குகிறவர்களுக்குச் செய்த சுற்றும் பெசல் போதும். புறப்படும்போது முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வை, எத்தனை நிமிடம் ஆச்சு என்பது தானாகத் தெரியும். விளிம்பு முழுக்கப் பொடி எழுத்தில் கணக்குப் பலகை போட்ட வாட்ச் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதிர்கிற ஹெலிகாப்டரில் அந்த எழுத்தைப் படித்தவனை நான் பார்த்ததில்லை.

அப்புறம் உலக நேரம். வானிலை அறிக்கை, பறப்புத் திட்டம் எல்லாம் ஜூலு நேரத்தில், அதாவது கிரீன்விச் நேரத்தில் வரும், நமக்கு அதோடு ஐந்தரை மணி வித்தியாசம். இந்த அரை மணிதான் வில்லங்கம். ஜிஎம்டி வாட்ச் என்று நாலாவது முள் வைத்து விற்கிறார்கள், ஆனால் நிமிட முள் ஒன்றுதானே இருக்கிறது, அது ஒரு ஊர் நேரத்துக்குத்தான் வேலை செய்யும். முழு மணி வித்தியாசமுள்ள நாட்டுக்காரனுக்கு அது சொகுசு, நாம் எப்படியும் மனசில் முப்பது நிமிடம் கூட்டிக் கழிக்க வேண்டும். காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது, எனக்கு ஹக்கிம்பேட்டில் ஹெலிகாப்டர் பயிற்சியின்போது ஒரு மூத்தவர் காட்டியது. வாட்சைத் தலைகீழாகத் திருப்பிப் பார். கையில் மதியம் 2:30 என்றால் திருப்பியதும் பெரிய முள் உச்சியில் நிற்கும், சின்ன முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கும், ஒன்பது என்று எடுத்துக்கொள். ஜூலு நேரம் காலை 9:00. அரைச் சுற்று சுற்றினால் சின்ன முள்ளுக்கு ஆறு மணி, பெரிய முள்ளுக்கு அரை மணி, கழித்தால் ஐந்தரை, அவ்வளவுதான் சூட்சுமம். ஆச்சி மகன் திண்ணையிலேயே மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தான். எண்பதாயிரத்தை மறந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இருட்டில் ஒளிர்வதை ஊரில் இன்னும் ரேடியம் என்கிறோம், இப்போது வருவதில் ரேடியமே கிடையாது. வெளிச்சத்தைக் குடித்துவைத்துக் கக்குகிற பூச்சு அது. மாலை வெயிலில் நின்றுவிட்டுப் போனால் பிரமாதமாக ஒளிரும், விடிகாலை நாலு மணிக்கு மங்கிக் கிடக்கும். நான் புறப்படும் முன் அரை நிமிடம் டார்ச் அடித்துக்கொள்வேன். டிரிட்டியம் வாயுக் குழாய் வைத்தவை டார்ச் இல்லாமலே எப்போதும் ஒளிரும், ஆனால் 12.3 வருஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நிஜ ரேடியம் பூசியவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எப்போதாவது கண்ணில் படும், அதில் கதிர்வீச்சு உண்டு, டயலில் பழுப்பேறிய தடித்த பூச்சு இருந்தால் வாங்கினாலும் திறக்காதீர்கள், சுரண்டவே சுரண்டாதீர்கள்.

பழசு என்றதும் இன்னொன்று. பயல் ஆன்லைனில் ஒருவரிடம் எச்எம்டி பைலட் என்று ஒன்றை வாங்கி வந்து காட்டினான். டயல் புதிதாகப் பெயின்ட் அடித்தது, எழுத்து கோணல், உள்ளே எந்த வாட்சின் உறுப்போ. 2016-ல் எச்எம்டி வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்த பிறகு இந்த மாதிரி ஒட்டுப்போட்டவை பெருகிவிட்டன. விற்றவர் போனை எடுக்கவில்லை.

என் வாட்சின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்குப் பன்னிரண்டு நொடி போல வேகமாக ஓடும், குவார்ட்ஸுக்கு இது சாதாரணம்தான். பறப்புக்கு முன் எல்லாரும் ஒரே நொடியில் வாட்சைச் சேர்த்து வைக்கும் சடங்கு உண்டு, சாவியை இழுத்தால் நொடி முள் நிற்கிற ரகம் என்பதால் அது எனக்குப் பிரச்சினையாகவில்லை. கண்ணாடி சாதா ரகம், கோடு கோடாகக் கீறல். நீலக்கல் கண்ணாடி போட்டது வாங்கியிருக்கலாம், அந்த இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு இன்னும் வருத்தம். 2017-ல் விடுமுறையில் ஊரில் ஒரு கடையில் பின்மூடியைத் திறந்தார்கள், மூடும்போது ரப்பர் வளையம் நசுங்கிவிட்டது போல, அந்த வாரம் கிணற்றில் குளித்ததும் உள்ளே ஆவி. வளையத்தை மாற்றி, தண்ணீர் புகுகிறதா என்று அழுத்தச் சோதனை செய்யும் கடைக்கு மதுரை வரை போக வேண்டியிருந்தது. திறந்தால் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். லடாக் குளிரில் சிலர் கையிலிருந்த டிஜிட்டலில் எண்கள் சோம்பலாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன், எல்சிடியின் இயல்பு அது. முள்ளுக்கு அந்தத் தொந்தரவு வரவில்லை.

சுவிஸ் வாட்ச் இப்போது இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை நாளுக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடியது, ஸ்பீக்கர் மேல் வைத்து வைத்துக் காந்தம் ஏறி, உள்ளே மயிரிழை போன்ற சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. காந்தம் நீக்கியதும் சரியாகிவிட்டது. விசேஷத்துக்குக் கட்டுவேன், மனைவிக்காக.

விமானம் ஓட்டப் படித்த முதல் செட்டிநாட்டுக்காரன் நான் இல்லை, வள்ளல் அழகப்பர் லண்டன் க்ராய்டனில் பைலட் சான்றிதழ் வாங்கியவர், ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்றும் செட்டிநாட்டுப் பக்கம் கிடக்கிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் பக்கத்து மண் ரோட்டுக்குப் பயலைக் கூட்டிப் போனேன். பின்னால் நான் உட்கார்ந்துகொண்டு, அவன் கையில் தடித்த கையுறை, பைக் குலுங்கக் குலுங்க ஓட்டும்போது "மணி!" என்று கத்துவேன், ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். நண்பர்களிடம் இரவல் வாங்கி வந்த நாலு வாட்சில் மூன்று தோற்றன. தேறியது ஆறாயிரம் ரூபாய் சோலார், நீலக்கல் கண்ணாடி, தேதிகூடக் கிடையாது. அதே மாதிரி ஒன்றுக்குச் சொல்லிவிட்டான்.

ஆச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை, ஆபீசர் ஆகப் போகிறவனுக்கு இதுவா என்று இன்னும் போனில் கேட்கிறாள். அவனுக்கு இரண்டு ஆட்டுத்தோல் பட்டை தைக்கக் கொடுத்திருக்கிறேன், தைப்பவர் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.